கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா

நெற்றியில் துப்பாக்கி வைத்துத்தான் எங்களை உள்ளே விட்டார்கள். காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கிதான். ஆனாலும் அந்த மனிதர் அதை நீட்டிய நீட்டில் நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். என்னைப் பார்த்து என் மகள் பொட்டுவும் தூக்கினாள். முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு, கையுறை என்று முழு அலங்காரத்தில் நின்ற ரிசார்ட் மேனேஜருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். தகட்டில் ஆவி படிந்தது.

"ரெண்டு பேருக்கும் நார்மல் சார். வாங்க, வாங்க. மேடம் முன்னாடியே வந்துட்டாங்க."

பானைக்குள்ளிருந்து பேசுவது போலக் குரல் வந்தது. ஆள் வந்து பல மாதமான இடம். எங்கள் பெட்டிக்கு மருந்து அடித்தார், கார் கதவுக்கு அடித்தார், பொட்டு கையில் வைத்திருந்த துணி முயலுக்கும் அவளிடம் கேட்டுக்கொண்டு அடித்தார். "முயலுக்கு ஜுரம் இருக்கா?" என்று அவள் கேட்டாள். முயலின் நெற்றியிலும் துப்பாக்கியை வைத்துப் பார்த்து, அதற்கும் நார்மல் என்றார்.

பொட்டு என்பது வீட்டுப் பெயர். குறைமாதத்தில், உள்ளங்கை அளவில் பிறந்தவள். இப்போது மூன்றரை வயது தாண்டிவிட்டது, வாய் மட்டும் முப்பது வயதுக்கு இருக்கிறது. நுரையீரல்தான் கொஞ்சம் நோஞ்சான். தூசி பட்டால் போதும், மூச்சு இளைக்க ஆரம்பித்துவிடும்.

அவள் அம்மா நர்ஸ். மூச்சுவிடத் திணறுகிறவர்களைப் படுக்கவைக்கும் வார்டில் வேலை. அங்கே எல்லோரும் அவளை "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுவதைப் போனில் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. கட்டிய மனைவியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கூப்பிடும்போதெல்லாம் முறைப்பாள், ஆனால் திரும்பிப் பார்ப்பாள்.

எனக்குத் தொழில் சாலையில் கோடு போடுவது. நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் மஞ்சள் கோடு, பள்ளிக்கூட வாசலில் பட்டைக் கோடு. பெயின்ட் காய்வதற்குள் அதன் மேல் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுவோம். இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டதும் கோடு பளிச்சென்று தெரிவது அதனால்தான். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் நான் போட்ட கோட்டின் மேல் ஒருத்தன் ஏறி நின்று ஹாரன் அடித்தால் எனக்கு வயிறு எரியும்.

நோய் பரவிய ஆண்டில் என் தொழிலுக்கு ராஜயோகம் வந்தது. கடை வாசலில் வட்டம் போட்டேன், மருந்துக்கடை வாசலில் கட்டம் போட்டேன். ஜனங்கள் அதற்குள் பொம்மை மாதிரி நின்றார்கள். பிறந்ததிலிருந்து எந்தக் கோட்டையும் மதிக்காதவர்கள் என் கோட்டை மதித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே ஜோரில் வீட்டுக்கு வந்து, கூடத்தின் குறுக்கே மஞ்சளாக ஒரு கோடு இழுத்தேன். நூல் பிடித்து, இரண்டு ஓரமும் டேப் ஒட்டி, நெடுஞ்சாலைக்குப் போடுகிற அதே பெயின்ட், அதே கண்ணாடி மணி. வீட்டுச் சொந்தக்காரர் பார்த்தால் அன்றைக்கே பெட்டி படுக்கையைத் தெருவில் வைத்துவிடுவார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் சிஸ்டரின் அறையும் ஒரு நாற்காலியும். இந்தப் பக்கம் நானும் பொட்டுவும். வார்டிலிருந்து வந்து, குளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அவள் அந்த நாற்காலியில் உட்காருவாள். பொட்டு கோட்டுக்கு இப்பால் சப்பணமிட்டு உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒப்பிப்பாள். பிறகு முத்தங்களை எறிவாள். அம்மா எட்டி எட்டிப் பிடிப்பாள். சில முத்தங்களை வேண்டுமென்றே உயரமாக எறிந்து அம்மாவைக் குதிக்கவைப்பாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள் குதிப்பாள்.

அப்படியே ஓராண்டுக்கு மேல் போயிற்று. முதல் சில நாளைத் தவிர, ஒரு நாளும் குழந்தையின் சுண்டுவிரல்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் இன்னொரு மாடியும் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் விடுதியிலேயே தங்கிவிட வேண்டும், எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் சிஸ்டருக்குக் கொஞ்சம் விடுப்பு கிடைத்தது. ஆஸ்பத்திரி விடுதியில் தனி அறையில் ஒரு வாரம் கிடந்து, பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று உறுதியானதும் போன் செய்தாள்.

"எனக்கு ஊர் சுத்திப் பார்க்கணும்னு ஒண்ணும் ஆசை இல்லங்க. அவளை ஒரு தடவை தூக்கி மடியில வெச்சுக்கணும். அவ்வளவுதான். அப்புறம் எத்தனை மாசம்னாலும் நான் வேலை பார்ப்பேன்."

"அதுக்கென்ன, நேரா வீட்டுக்கு வா."

"வீடு வேணாம். அங்க அந்தக் கோடு இருக்கு."

குழந்தையின் டாக்டரும் நல்ல காற்று படட்டும், கூட்டிப்போங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கென்று மலை மேல் ஒரு ரிசார்ட்டில் அறை ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு இரவு. அவள் விடுதியிலிருந்து நேராக வந்துவிட்டாள், நாங்கள் வீட்டிலிருந்து வந்தோம்.

மேனேஜர் வழிகாட்ட, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கப் புல்வெளிக்குப் போனோம். அங்கே என் கால் தானாக நின்றுவிட்டது. புல்வெளி ஒரு கம்பி வேலியோடு முடிந்தது, அதற்கு அப்பால் எதுவுமே இல்லை. கீழே, வெகு கீழே, காடு. அதற்கு அப்பால் ஒரு மலை, அதன் தோளுக்கு மேல் இன்னொரு மலை, அதற்கும் பின்னால் நீலமாக மலையா மேகமா என்று தெரியாத ஏதோ ஒன்று. சத்தமே இல்லை. சாலையிலேயே பிழைக்கிறவன் நான், நீளம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நிமிடம் ஒன்றும் தெரியாதவனாக, வாய் பிளந்து நின்றேன்.

பொட்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துச் சுவர்தான். வழியெல்லாம் காரில் தூங்கிவிட்டதால், அவளுக்கு நினைவு தெரிந்து அவள் பார்த்த அதிகபட்சத் தூரம் அதுதான்.

"அப்பா, இதுக்குச் சுவரு எங்க?"

"இதுக்குச் சுவரு கிடையாது."

"அப்ப எங்க முடியும்?"

"தெரியலடா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

"பொட்டு!"

வராந்தாப் படியில் சிஸ்டர் நின்றிருந்தாள். முகக்கவசம் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அவள் முழு முகத்தையும் பார்க்கிறேன். இந்த முகத்தையா நான் மறக்க இருந்தேன்? அவள் என்னைப் பார்க்கவே இல்லை. படியிறங்கி வந்து, புல்லில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்தாள்.

பொட்டு என் காலை விட்டுவிட்டு ஓடினாள். அம்மா அம்மா என்று கத்திக்கொண்டே ஓடியவள், கொஞ்ச தூரத்தில் சட்டென்று நின்றாள். குனிந்து புல்லைப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்பா, கோடு எங்க?"

"இங்க கோடு கிடையாதுடா செல்லம். போ, அம்மாகிட்ட போ."

அவள் போகவில்லை. கண்ணாலேயே அளந்து பார்த்து, இரண்டடி பின்னால் வந்து, சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் எவ்வளவு தூரமோ அதே தூரம். நூல் பிடித்த மாதிரி. உட்கார்ந்த கையோடு முத்தத்தை எறிந்தாள்.

விரித்த கையைச் சிஸ்டர் மெல்ல மடக்கினாள். பழக்க தோஷத்தில் அந்த முத்தத்தைப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க" என்றாள்.

அன்று மாலை முழுக்க அவள் முயன்றாள். பொம்மை வாங்கி வந்திருந்தாள், அதைக் கையில் வைத்து ஆட்டினாள். "அங்கயே வெச்சுட்டுத் தள்ளிப் போம்மா, நான் எடுத்துக்கறேன்" என்றாள் மகள். சாப்பாட்டுக் கூடத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நாற்காலிகளையெல்லாம் மேஜை மேல் கவிழ்த்திருந்தார்கள். எங்களுக்காக ஒரே ஒரு மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தார் மேனேஜர். பொட்டு அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அம்மாவுக்கு அந்த மேஜை" என்று கடைசி மேஜையைக் காட்டினாள். அவர் பாவம், என்ன குடும்பச் சண்டையோ என்று நினைத்து, கடைசி மேஜையின் நாற்காலிகளை இறக்கினார்.

படுக்கப் போகும்போதும் அதே கதைதான். எங்களுக்குக் கொடுத்தது ஒரே படுக்கையறை. "அம்மா ரூம் எங்க?" என்று கேட்டு, நடுவில் ஒரு கதவு இல்லாமல் படுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அழ ஆரம்பித்தால் இளைப்பு வந்துவிடும். சிஸ்டர் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைச் சோபாவுக்குப் போனாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கதை சொன்னாள், இந்தப் பக்கத்திலிருந்து மகள் "ம்" கொட்டினாள்.

மறுநாள் காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான், கோடு போடுகிறவனுக்குக் கோட்டைத் தவிர வேறென்ன தோன்றும்? தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பச்சை ரப்பர் குழாயை இழுத்துவந்து, புல்வெளியின் குறுக்கே நேராகப் போட்டேன். இரண்டு முனையிலும் கல்லை வைத்தேன்.

சிஸ்டர் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இங்கயுமா?" என்றாள். கண் சிவந்துவிட்டது.

"பொறு. கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி உன் காலடிக்கே கொண்டுவர்றேன் பாரு."

கோட்டைக் கண்டதும் பொட்டுவுக்கு உயிர் வந்தது. ஓடிவந்து அதற்கு முன்னால் உட்கார்ந்து, முயலையும் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். மலை எங்கே முடியும் என்று அப்பாவுக்குத் தெரியாதாம் என்று சொல்லிச் சிரித்தாள். நான் வேடிக்கை பார்ப்பவன் மாதிரி நின்று, காலால் குழாயைச் சாண் அளவு முன்னால் தள்ளினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், ஆனால் முன்னால் நகரவில்லை. இன்னொரு சாண் தள்ளினேன். சிஸ்டரும் நாற்காலியை ஓசைப்படாமல் முன்னால் இழுத்தாள். பொட்டு பேச்சை நிறுத்தினாள். முயலைத் தூக்கிக்கொண்டு சரியாக ஒரு நாற்காலி அளவு பின்னால் போனாள்.

"கோடு நகருதுப்பா" என்றாள். "யாரோ தப்பாப் போட்டிருக்காங்க."

என் தொழிலில் இதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குக் கோடே தேவைப்படவில்லை. தூரம் அவள் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "இங்க பாருடா. அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு. அம்மாகிட்ட ஒரு கிருமியும் இல்ல. நீ கிட்டப் போனா உனக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆகாது" என்றாள், எனக்குப் புரியவைக்கும் பொறுமையோடு. "நான் கிட்டப் போனா அம்மாவுக்குத்தான் ஜுரம் வரும். நீதானே சொன்ன."

சொன்னேன்தான். கோடு போட்ட புதிதில், உனக்கு ஜுரம் வரும், ஊசி போடுவார்கள் என்று எவ்வளவு பயமுறுத்தியும் அவள் கேட்கவில்லை. அம்மாவுக்கு வரும் என்றேன், அன்றோடு நின்றுவிட்டாள். வேலை முடிந்தது என்று நான் அதை மறந்தும் போயிருந்தேன். அவள் மறக்கவில்லை. இத்தனை மாதமும் அவள் தனக்காகப் பயந்து விலகி உட்காரவில்லை, அம்மாவைக் காப்பாற்றுவதற்காகக் காவல் இருந்திருக்கிறாள்.

சிஸ்டருக்கு அது கேட்டுவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கம்பி வேலி வரைக்கும் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"நாளைக்கு மதியம் கிளம்பணும்" என்றாள். "அதுக்குள்ள வர மாட்டா. விடுங்க. இதுக்கு மேல இழுத்தா குழந்தை பயந்துடும்."

"நான் தூக்கிட்டு வந்து உன் மடியில உட்கார வெச்சுடறேன். ரெண்டு நிமிஷம் அழுவா, அப்புறம் சரியாயிடும்."

"வேணாம்." அவள் குரல் உயர்ந்தது. "எனக்கு ஜுரம் வந்துடும்னு ராத்திரி பூரா நடுங்கிட்டுக் கிடப்பா. நான் அங்க எந்த நிம்மதியில போய் வேலை பார்க்கிறது? அவளா வரணும். வரலன்னா பரவாயில்ல."

பரவாயில்லை என்று சொன்ன வாய் கோணிற்று. எத்தனையோ பேருக்கு மூச்சு திரும்பி வரும்வரை பக்கத்தில் நின்று கை பிடித்தவள். அவள் கையைப் பிடிக்க அன்றைக்கு நான் மட்டும்தான் இருந்தேன், பிடித்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலை. சிஸ்டரின் பெட்டி கட்டி வராந்தாவில் இருந்தது. அவளை அழைத்துப்போக மதியம் டாக்சி வரும். காபி குடிக்க மூவரும் புல்வெளிக்கு வந்தோம். அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்தோம், சொல்லிக்கொடுத்தது போல. அந்தப் பக்கம் நாற்காலியில் சிஸ்டர். குழாய்க்கு இந்தப் பக்கம் பொட்டு, ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டு ஒரு பந்து மாதிரி இருந்தாள். அவளுக்குப் பின்னால் நான்.

முதலில் மலையைத்தான் காணவில்லை. நேற்று அவ்வளவு பெரிதாக நின்ற மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. நான் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் அந்த வெள்ளை காட்டுக்கு வந்துவிட்டது. ஓடி வரவில்லை, சத்தம் போடவில்லை, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து பால் பொங்குவது போல மேலே வந்தது. கம்பி வேலியின் கீழ்க்கம்பி மறைந்தது, மேல்கம்பி மறைந்தது. வேலியோரத்து மரத்தின் அடி முதலில் போயிற்று, உச்சி மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அந்தரத்தில் நின்றது, பிறகு அதுவும் போயிற்று. முகத்தில் சில்லென்று ஈரம் பட்டது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூடுபனியில் எத்தனையோ நாள் வேலை செய்திருக்கிறேன். ஆனால் இது வந்த வரத்து வேறு. யாரையும் கேட்காமல், யாரையும் தள்ளாமல், இருக்கிற எல்லாவற்றையும் அது எடுத்துக்கொண்டது.

"அப்பா" என்றாள் பொட்டு கிசுகிசுப்பாக. அவளும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மலையைச் சாப்பிட்டுடுச்சு."

"பனிடா. மேகம் கீழ வந்திருக்கு."

"மேகமா? நிஜ மேகமா?"

"நிஜ மேகம்."

அது சிஸ்டரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. நின்றது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் தோள் மங்கியது, முகம் மங்கியது, எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், அந்தக் கையும் மங்கியது. பிறகு அங்கே யாரும் இல்லை.

"அம்மா?"

"இங்கதான்டா இருக்கேன்." குரல் மட்டும் வந்தது, எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியாதபடி.

"தெரியலம்மா!"

"பயப்படாத. கொஞ்ச நேரத்துல போயிடும்."

பொட்டு எழுந்து நின்றாள். குழாயின் விளிம்பில் கால் கட்டைவிரலை வைத்து, கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். இங்கே உட்கார்ந்தால் அம்மாவைப் பார்க்கலாம், அம்மாவுக்கும் ஒன்றும் ஆகாது. அந்தச் சட்டத்தின் ஒரு பாதியை மேகம் எடுத்துக்கொண்டுபோய்விட்டது.

"அம்மா, கையை ஆட்டு!"

"ஆட்டிட்டுத்தான் இருக்கேன்."

"தெரியல!"

"நில்லுடா, தாண்டாத" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஓராண்டுப் பழக்கம், கேட்காமலே வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முயலைக் கீழே போட்டுவிட்டுக் குழாயைத் தாண்டினாள்.

இரண்டே எட்டில் அவளும் மறைந்துவிட்டாள். வெள்ளைக்குள் சிவப்புக் குல்லாய் ஒரு கணம் தெரிந்தது, அதுவும் போயிற்று. கூப்பிடக் கூடாது, நகரக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அந்தப் பெரிய வெள்ளையின் நடுவில் அசையாமல் நின்று கேட்டேன். ஈரப் புல்லில் சின்னச் செருப்பு நடக்கிற சத்தம்.

"அம்மா, எங்க?"

"இங்க." சிஸ்டரின் குரல் கிழிந்திருந்தது. "இங்கதான். என் குரல் வர்ற பக்கம் வா."

"இன்னும் தெரியல."

"இன்னும் கொஞ்சம் வா."

"இப்ப கால் தெரியுது."

"யார் காலு?"

"உன் காலு. செருப்பு." நடை நின்றது. "இப்ப முகம் கொஞ்சம் தெரியுது. அம்மா, உனக்கு ஜுரம் வருதா?"

"இல்லடி. வரல."

"நிஜமா?"

"தொட்டுப் பாரு."

வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. சாலை ஓரத்தில் எத்தனையோ அமைதியைப் பார்த்திருக்கிறேன். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்களில் எட்டு வண்டி ஒரே வரிசையில் போகிற அகலச் சாலையில் தனியாக நின்று என் மூச்சைக் கேட்டிருக்கிறேன். இந்த அமைதிக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளைக்குள், என் கண்ணுக்குத் தெரியாமல், அவள் கை அம்மாவின் நெற்றிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடவுளே, கடவுளே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"சுடல" என்றாள் பொட்டு. குரலில் அப்படி ஒரு வியப்பு. பிறகு உடனே, "ஐயோ, அம்மா! மூக்கு மேல என்ன?"

"எங்க?"

"இங்க. பள்ளமா இருக்கு. இந்தக் கன்னத்துலயும் இருக்கு. புண்ணு." அழுகை எட்டிப்பார்த்தது. "நான் தாண்டினதாலயா?"

"இல்லடி, இல்ல, இல்ல. இது நீ தாண்டறதுக்கு முன்னாடியே இருக்கு. அம்மா வேலையில மாஸ்க் போட்டுக்கறேன்ல, அது அழுத்தின தழும்பு. நீ தூரத்துல இருந்ததால உனக்குத் தெரியல."

"வலிக்குதா?"

சிஸ்டர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஊதி விடவா?"

என் மகளின் மூச்சை நான் நன்றாக அறிவேன். பிறந்த அன்றிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், குறைமாதக் குழந்தைகளை வைக்கிற பெட்டியின் கண்ணாடி வழியாக, தொட்டிலுக்குப் பக்கத்தில் காதை வைத்து. இரண்டு விசில் சத்தத்துக்கு நடுவில் இழுத்து இழுத்து வருகிற மூச்சு. அது இப்போது அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. முதலில் நன்றாக உள்ளே இழுக்கிற சத்தம். பிறகு, "ஃபூ".

நான் நடந்தேன். குழாய் காலில் தடுக்கியது, உதறிவிட்டு நடந்தேன். மிக அருகில் போன பிறகுதான் தெரிந்தார்கள். பொட்டு அம்மாவின் மடியில் முட்டி போட்டு ஏறி நின்று, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் கண்ணை மூடி, முகத்தை அந்த மூச்சுக்கு நேராக நிமிர்த்தி வைத்திருந்தாள். இத்தனை மாதமாக மனிதர்களின் மூச்சுக்கு முன்னால் கண்ணாடியும் துணியும் கட்டிக்கொண்டு நின்றவள், அதில் ஒரு துளியும் சிந்திவிடக் கூடாது என்பது போல உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் குழந்தையின் முதுகில் இருந்தன.

"போச்சா?" என்று கேட்டாள் பொட்டு. "வலி போச்சா?"

"இல்ல" என்றாள் சிஸ்டர், கண்ணைத் திறக்காமல். "இன்னும் வலிக்குது. இன்னொரு தடவை ஊது."